அண்ணி சுரண்டிய வானம்

போன மாதம் நம் புகைப்படச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண், வடதுருவத்தை ஒட்டிய ஏதோ ஒரு தீவுக்குப் போய் எடுத்து வந்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம், உலர்த்தப் போட்ட சேலை காற்றில் ஆடுவதுபோல. நானும் உங்களோடு சேர்ந்து வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க எடுத்ததுலயே பெரிய வானம் எது?" என்று கேட்டாள். "மேல்சித்தாமூர்" என்றேன். செஞ்சிப் பக்கத்துச் சின்னக் கிராமத்தின் பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தீர்கள். கிழவன் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அன்று விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை, என் தொண்டையும் சரியில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதே கூட்டத்தில் ஒரு தம்பி, செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு மேலே பால்வெளி எழுந்து நிற்கிற படத்தைக் காட்டினார். கைதட்டல் அடங்கியதும் டீ குடிக்கிற இடத்தில் என் காதோரம் வந்து, "அன்னிக்கு ஒரே மேகம் சார். வானத்த மட்டும் வேற எடத்துலேர்ந்து எடுத்து ஒட்டிட்டேன்" என்றார். திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். வானத்தை ஒட்டுவது ஒன்றும் நீங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை தம்பி. நீங்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், செஞ்சி கடைத்தெருவில் ஒரு சாயங்காலம், நாங்கள் மூன்று பேர் அதே யோசனையோடு நின்றிருக்கிறோம்.

என்ன பிளேட், என்ன லென்ஸ், எத்தனை நொடி என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு இன்று உங்களுக்குச் சல்லிக்குப் பிரயோசனமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அறுபத்தைந்தாம் வருஷம். நான் கல்யாணம் ஆகாத பையன். செஞ்சியில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்கும் வேலை. முதலாளியை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். உறவு ஒன்றும் இல்லை, சோறு போட்ட உறவுதான். அண்ணன் கல்லாவையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொள்வார். கேமரா என் பொறுப்பு. ஸ்டூடியோவின் உயிர் மட்டும் அண்ணியின் கையில் இருந்தது. அவர்தான் டச்சிங் செய்வார்.

டச்சிங் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது படம் கண்ணாடித் தகட்டில் விழும், அதுதான் பிளேட். அதில் எல்லாம் தலைகீழ். வெள்ளையாக இருப்பது கறுப்பாகத் தெரியும், கறுப்பாக இருப்பது வெறும் கண்ணாடியாகத் தெரியும். அந்தப் பிளேட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கூரான பென்சிலாலும் ஒரு சின்னச் சவரப் பிளேடாலும் அண்ணி சரி செய்வார். தழும்பின் குழியைப் பென்சிலால் நிரப்புவார். வேண்டாத கறுப்புப் புள்ளியைப் பிளேடு நுனியால் பூப்போலச் சுரண்டினால், பிரிண்டில் அந்த இடம் சுத்தமாகிவிடும். அந்தக் காலத்துச் செஞ்சியில் அம்மைத் தழும்பு இல்லாத முகம் குறைவு. எங்கள் ஸ்டூடியோ படத்தில் தழும்பு உள்ள முகமே கிடையாது. அவலூர்பேட்டையிலிருந்துகூடப் பெண் பார்க்கும் படத்துக்கு எங்களிடம் வருவார்கள் என்றால் அது அண்ணியின் கைக்காகத்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அவசர வேலை என்றால், பிளேட் காய்ந்ததும் யாரும் சொல்லாமலே அண்ணியின் மேசைக்குப் போய்விடும். அந்த மேசைக்குப் போன பிளேட்டில் புள்ளி, கீறல், கறை எது இருந்தாலும் அண்ணிக்கு அது எதிரி.

எல்லையில் சண்டை நின்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தீபாவளி மழையிலேயே முடிந்தது. அதன் பிறகு விடிகாலையில் தென்கிழக்கே வால்நட்சத்திரம் தெரிகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ராஜாவுக்கு ஆகாது என்றான் ஒருவன். இப்போதுதான் ராஜாவே இல்லையே, யாருக்கு ஆகாது என்று டீக்கடையில் பெரிய விவாதம். அந்த நேரத்தில்தான் மேல்சித்தாமூரிலிருந்து நயினார் தன் மகளோடு கடைக்கு வந்தார்.

ஜைனக் குடும்பங்களில் மூத்த ஆண்களை நயினார் என்று மரியாதையாகச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். மகள் பெயர் அனந்தமதி, என் வயதுதான் இருக்கும். உள்ளே வந்ததும் கல்லா மேலே மாட்டியிருந்த கல்யாணப் படம் ஒன்றை இறக்கித் தரச் சொன்னாள். வாங்கி, மூக்கில் ஒட்டிவிடும்போல முகத்தருகே வைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை மெள்ள நகர்த்திப் பார்த்தாள்.

"நைனா, இது நல்லாருக்குது. கிட்ட வெச்சாலும் புள்ளி புள்ளியா ஒடையல" என்றாள் அப்பாவிடம்.

பிறவியிலேயே அவளுக்கு அப்படி. முகத்தை ஒட்டி வைத்ததெல்லாம் தெளிவாகத் தெரியும், ஒரு முழம் தள்ளிப்போனால் எல்லாம் புகை. கண்ணாடி போட்டும் பலனில்லை. அதுவரை அவள் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. நிலா அவளுக்கு வெறும் வெளிச்ச மெழுகல்.

"பேப்பர்ல வால்நட்சத்திரத்து படம் போட்டிருந்தாங்கண்ணா" என்றாள் என்னிடம். "கிட்ட வெச்சுப் பாத்தா வெறும் கரிப்புள்ளி. அச்சுப் படம் எல்லாமே எனக்கு அப்டித்தான். உங்க படம் அப்டி இல்ல. நீங்க அத்த எடுத்துக் குடுத்தா நான் பாத்துடுவேன்."

நயினார் மீதியைச் சொன்னார். இருக்கிற பார்வையும் சில மாதங்களாக மங்கிக்கொண்டு வருகிறது. மெட்ராஸில் பெரிய டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார். செய்யாவிட்டால் போய்விடும், செய்தாலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும்.

"அதுக்குள்ள ஆவுமா தம்பி?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்லிவிட்டேன். ஐப்பசி மாதத்து வானத்தை நம்பி வாக்குக் கொடுத்த முதல் புகைப்படக்காரன் நானாகத்தான் இருக்கும்.

முதல் நாள் விடிகாலை, செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் படிக்கட்டில் கேமராவை நிறுத்தினேன். எதிரே சந்திரகிரி மலை கறுப்பாகக் கிடக்க, அதற்கு மேலே வால் எழும்பும் என்பது என் கணக்கு. வால் எழும்புமுன் ஒரு போலீஸ்காரர் எழும்பி வந்தார். சண்டை நேரத்துப் பயம் இன்னும் யாருக்கும் போகவில்லை. இருட்டில் மலை மேல் முக்காலியோடு ஒருவன் நின்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். நன்றாக விடிந்த பிறகு அண்ணன் வந்து, "ஐயா, உங்க கல்யாணத்துக்குப் படம் எடுத்தவனே இவன்தான்" என்று சொன்னதும், அந்த மனிதர் என்னை உற்றுப் பார்த்து, "அப்போ மீச இல்லியே" என்றார். வேலைக்குப் போகும் ஊரில் முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். இது என் செலவில் உங்களுக்கு ஒரு பாடம்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. வானம் வெளுக்காமல் நாட்கள் போயின. கடைசியில், நயினார் கிளம்ப வேண்டிய தேதிக்கு முந்தின நாள் விடிகாலையில் மேகம் முழுக்க விலகியது. சந்திரகிரிக்கு மேலே, துடைப்பத்தைச் சாய்த்து வைத்ததுபோல, வெள்ளை வெளேரென்று வால். எத்தனையோ பேரைப் படம் எடுத்திருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்று கை கூப்பியது அந்த ஒரு தடவைதான். கடைக்கு வந்து பிளேட்டை மருந்தில் கழுவினேன். வால், சுற்றிலும் நட்சத்திரங்கள், அடியில் மலை, எல்லாம் அப்படியே இறங்கியிருந்தது. காய வைத்துவிட்டு, பின்கட்டில் பாயைப் போட்டுப் படுத்தேன். பல நாள் தூக்கம், கட்டையைப் போட்டதுபோலக் கிடந்தேன்.

நான் எழுந்தபோது பகல் சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணி மேசையில் உட்கார்ந்து கழுத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"எழுந்துட்டியா? உன் பிளேட்டு ஒரே அழுக்குப்பா. மருந்த வடிகட்டினியா இல்லியா? மேல பூரா புள்ளி, நடுவுல ஒரு பெரிய கறை. அண்ணன் வந்து, நயினார் வீட்டு அவசரம், சுத்தமா பண்ணிடுன்னு வெச்சுட்டுப் போனாரு. காலையில ஒக்காந்தவதான், இன்னும் சாப்டல. பாரு, இப்போ கண்ணாடியா இருக்குது."

பிளேட்டைத் தூக்கிப் பார்த்தேன். மலை இருந்தது. மலை விளிம்பில் விடியலின் மெல்லிய வெளிச்சத்தைக்கூட அண்ணி பத்திரமாக விட்டிருந்தார். அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை.

அண்ணியை முட்டாள் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அவர் வாழ்நாளில் அந்த மேசைக்கு முகங்கள் மட்டுமே வந்திருக்கின்றன. வானம் வந்ததில்லை. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், விடிகாலையில் எழுந்து வால்நட்சத்திரம் பார்க்கப் போகிற சௌகரியம் அவருக்கு இல்லை. வால் என்றால் குரங்கு வால்போல வளைந்து இருக்கும் என்று நினைத்திருந்தாராம். போதாததற்கு, பிளேட்டில் வெள்ளையெல்லாம் கறுப்பு. கறுப்புப் புள்ளி என்றால் அவருக்கு அழுக்கு. மங்கலாக நீண்டிருந்தால் மருந்துக் கறை. வேலையில் ஊறிய கைதான் இப்படித் தவறும். அரைகுறைக்காரன் பாதியில் அலுத்துப்போய் விட்டிருப்பான், எனக்குப் பாதி வானமாவது மிஞ்சியிருக்கும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. என் முகத்தைப் பார்த்தே அண்ணிக்குப் புரிய ஆரம்பித்தது.

"இன்னாடா?"

"அதுதான் அண்ணி நட்சத்திரம்."

"எது?"

"நீங்க எடுத்ததெல்லாம்."

அவர் கையிலிருந்த சவரப் பிளேடை மேசையில் வைத்தார். "அத்தினியுமா?" என்று கேட்டார்.

அண்ணன் உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் காலை நயினார் மகளோடு ரயிலுக்குக் கிளம்புகிறார். இன்னும் சற்று நேரத்தில் படம் வாங்கக் கடைக்கு வந்துவிடுவார். வெளியே மறுபடி மேகம் கட்டியிருந்தது.

அண்ணன்தான் அந்த யோசனையைச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, அந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல்தான் சொன்னார். "பிரிண்ட் போட்டு, மேல வெள்ள மையால ஒரு வால வெச்சுடலாம். நாலு புள்ளியும் வெச்சா முடிஞ்சுது. உங்க அண்ணி வெச்சா தெய்வத்துக்கே தெரியாது. அதுவும், நட்சத்திரத்தையே பாத்திராத பொண்ணு, அதுக்கு எது இன்னான்னு எப்டித் தெரியும்?"

எனக்கு அது சரியென்றே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்குச் சந்தோஷம், எங்களுக்கு மானம் மிச்சம். தூரிகையைத் தேடி எழுந்துகூட விட்டேன்.

"வேணாம்" என்றார் அண்ணி. குரல் கரகரத்திருந்தது. "பாத்தவங்களுக்குன்னா வெச்சுக் குடுத்துடுவேன். அவங்க மேல நிமிந்து சரி பாத்துக்குவாங்க. அந்தப் பொண்ணு எங்க போயி சரி பாக்கும்? நான் வெக்கற எடத்துலதான் அதுக்கு ஆயுசுக்கும் நட்சத்திரம் இருக்கும். என்னால ஆவாது."

இதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ வருஷமாக இந்தத் தொழிலைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். அண்ணி சொன்ன அந்த நாலு வார்த்தைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றும் நான் பேசவில்லை.

நயினார் வந்தபோது அண்ணியே வெளியே போய்ச் சொன்னார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை. "நயினாரே, இவன் எடுத்துட்டான். நான்தான் அழுக்குன்னு நெனச்சு அழிச்சுட்டேன்" என்றார். நயினார் அந்தப் பிளேட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நெனச்சு செய்யலியேம்மா" என்றார் கடைசியில்.

"நாளைக்கு விடியக் கருக்கல்ல ஒரு தடவ பாத்துடலாம்" என்றேன் நான். "இங்க எடுத்துட்டு அங்க கொண்டாந்தா நேரம் பத்தாது. சாமானோட உங்க வீட்டுக்கே வந்துடறேன். மேகம் மட்டும் வழி விடணும்."

"நானும் வரேன்" என்றார் அண்ணி. அண்ணன் குழந்தைகளைக் காட்டி முனகினார். "ஒரு ராத்திரி நீ பாத்துக்க, செத்துட மாட்ட" என்று அண்ணி சொன்னதும் அடங்கிவிட்டார்.

"வண்டியில எடம் இருக்குது. ஏறுங்க" என்றார் நயினார்.

மேல்சித்தாமூர் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. அது அவர்கள் சமய நியமம். அது தெரிந்து நாங்கள் வழியிலேயே இட்லி தின்றுவிட்டோம். மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கும் சன்னலில்லாத அறையை எனக்கு இருட்டறையாக ஒழித்துக் கொடுத்தார்கள். கழுவத் தண்ணீர் கேட்டேன். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டிய தண்ணீர் தவலை தவலையாக வந்தது. நுண்ணுயிர் எதுவும் சாகக் கூடாதென்று அந்த வீடுகளில் எப்போதும் தண்ணீரை வடிகட்டித்தான் புழங்குவார்கள். செஞ்சியில் மண்ணும் பாசியுமாக வரும் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் நான். அதைவிடச் சுத்தமான தண்ணீரில் இன்றுவரை நான் ஒரு பிளேட்டைக் கழுவியதில்லை. மிச்ச மருந்தை எங்கே ஊற்றுவேன் என்று மட்டும் நயினார் கவலையோடு கேட்டார். தரையில் ஊற்றினால் எறும்பு செத்துவிடுமே. டின்னிலேயே திருப்பி எடுத்துப்போகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் படுக்கப் போனார்.

கருக்கலில் மொட்டைமாடிக்கு ஏறினோம். அண்ணி, நான், அனந்தமதி. மேகம் மூடிக் கிடந்தது. ஈரக்காற்று முக்காலியையே தள்ளியது. என்னிடம் இருந்தது இரண்டே பிளேட். அனந்தமதி சுவரோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். "வரலன்னா பரவால்லண்ணா" என்றாள் இரண்டு தடவை. இரண்டாவது தடவை குரல் உடைந்தது.

தென்கிழக்கே ஒரு கிழிசல் திறந்தது. நான் அவசரப்பட்டு முதல் பிளேட்டைப் போட்டேன். லென்ஸ் மூடியைத் திறந்த கணமே மேகம் வந்து அடைத்துக்கொண்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இனி ஒன்றுதான். கீழே நயினார் மாடு பூட்டும் சத்தம் கேட்டது. கிழக்கு லேசாக வெளுக்கத் தொடங்கியது. போட்டுவிடு, போட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சின்னச் சின்னக் கிழிசல்கள் வந்து போயின. நான் போடவில்லை. அண்ணியை மேகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முக்காலியைக் காற்று ஆட்டாமல் இரண்டு கையாலும் உடம்பாலும் கட்டிக்கொண்டேன். லென்ஸ் மூடியை எடுக்கக் கை இல்லை.

"அனந்தமதி, கிட்ட வாம்மா. இந்த மூடியப் புடி. நான் சொன்னா தூக்கு, சொன்னா மூடு. கேமராவ மட்டும் இடிக்காத."

அவள் முகத்தை லென்ஸருகே கொண்டுவந்து பார்த்து, மூடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

அப்போது அண்ணி, "ஐயோ" என்றார். கத்தவில்லை, முனகியதுபோல. நிமிர்ந்தேன். தென்கிழக்கு முழுக்கத் திறந்திருந்தது. வால் அடிவானத்திலிருந்து எழும்பிப் பாதி வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"தூக்கு" என்றேன்.

அனந்தமதி மூடியைத் தூக்கினாள். தான் பார்க்க முடியாத வானத்துக்கு அவள் கையாலேயே வழி திறந்து, அசையாமல் நின்றாள். என் பக்கத்தில் அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "இத்தயாடா நான் கறைன்னு சொரண்டினேன். இத்தயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "மூடு" என்றேன். மூடினாள். கொஞ்ச நேரத்தில் மேகமும் மூடிக்கொண்டது.

மூட்டைகளுக்கு நடுவே முழு இருட்டில் பிளேட்டைக் கழுவினேன். அது காய நேரமில்லை. ஈரப் பிளேட்டின் மேலேயே ஈரக் காகிதத்தை ஒட்டி, டார்ச் வெளிச்சத்தில் பிரிண்ட் போட்டேன். வெளியே வந்தபோது சூரியன் கிளம்பியிருந்தது. நயினார் வண்டியருகே நின்றார். மெட்ராஸ் பயணத்துப் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. சொட்டச் சொட்ட அந்தப் படத்தை அனந்தமதியின் கையில் கொடுத்தேன்.

அவள் முற்றத்து வெளிச்சத்தில் நின்று, முகத்தருகே வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. மேலிருந்து கீழே. வாலின் மேலேயே மூக்கு நுனி நகர்ந்து போனது. மாடுகூடத் தலையாட்டவில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

"அக்கா, இந்தச் சின்னச் சின்னதெல்லாம்?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"நட்சத்திரம்மா. எல்லாமே நட்சத்திரம். ஒண்ணுகூட அழுக்கில்ல."

அவள் படத்தை இறக்கினாள். "இத்தினியும் தெனமும் மேலயே இருந்துச்சா? நான் வாசல்ல நடந்தப்பல்லாம்?"

"இருந்துச்சு" என்றார் அண்ணி. "எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

படத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். திண்டிவனம் போகும்வரை பஸ்ஸிலும், அப்புறம் ரயிலிலும், மெட்ராஸ் வரும்வரை முகத்தை விட்டு அதை எடுக்கவே இல்லை என்று நயினார் பிறகு சொன்னார்.

அவசரப் பிரிண்ட், சரியாக அலசவில்லை. சீக்கிரமே மஞ்சளாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பிளேட்டிலிருந்து பொறுமையாக, பெரிதாக, நன்றாக அலசிய ஒரு பிரிண்ட் போட்டேன். அண்ணி அதை டச்சிங் மேசைப் பக்கமே கொண்டுபோக விடவில்லை. மார்கழிப் பிறப்புக்கு முன்னால், அவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதை எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூர் போனேன்.

வாசலிலேயே நயினார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் பலிக்கவில்லை. இப்போது கிட்டத்தில் வைத்தாலும் ஒன்றும் தெரியாது. திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. படத்தைக் கக்கத்தில் மறைத்துக்கொண்டேன். குரல் கேட்டு அனந்தமதி சுவரைத் தொட்டுத் தொட்டு வெளியே வந்தாள்.

"அண்ணாவா? அக்கா சௌக்கியமா?"

அக்கா சௌக்கியம் என்றேன். உனக்காகப் பெரிய படம் கொண்டுவந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேச்சுக்கு இடையில் காகிதம் மடங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. கை நீட்டினாள். கொடுத்தேன். விரலால் நான்கு ஓரத்தையும் தடவினாள்.

"எது மேல்பக்கம்?"

சரியாகத் திருப்பி வைத்தேன். அவள் அடிப்பக்கத்தின் இடது மூலையில் விரலை வைத்து, அங்கிருந்து சாய்வாக மேலே கொண்டுபோனாள். வால் எங்கே இருந்ததோ அதன் மேலேயே விரல் போனது. அதற்கு வலப்பக்கம் நெருக்கமாக இருந்த மூன்று நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்றும் தப்பவில்லை. எனக்கு அண்ணியின் நினைவு வந்தது. வெள்ளை மையை நான் தேடி எழுந்ததும் நினைவு வந்தது.

பொழுது இறங்கி, முற்றத்தில் இருட்டு பரவிக்கொண்டிருந்தது. நயினார் உள்ளே போய் விளக்கேற்றினார். அனந்தமதி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இப்போ மேல மேகமா?"

நிமிர்ந்து பார்த்தேன். "இல்லம்மா. சுத்தமா இருக்குது."

"அப்போ எல்லாம் வந்திருக்கும்" என்றாள். முகத்தை மேலே தூக்கி, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.